நிலையம் நகரக் கூடாது

ஆவணி மாதம், திங்கட்கிழமை. திண்டுக்கல், எங்கள் வீடு.

காலை ஏழு மணியளவில் வாடகைக் கார் வாசலுக்கு வந்தது. என் மகள் கயல்விழியும் நானும் அதில் ஏறி மதுரைக்குப் புறப்பட்டோம். அவளுக்கு இதய வால்வில் அறுவைச் சிகிச்சை செய்வதாக ஏற்பாடு. அவள் கணவர் செந்தில் முந்தின நாளே மதுரைக்குச் சென்று, இரத்தம் கொடுக்க ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். நான்கு வயதுப் பேத்தி மகிழினி, ஆயா செல்வியின் பொறுப்பில் வீட்டில் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அறுவைச் சிகிச்சை நடந்தது. புதன்கிழமை மாலை கயல்விழி இறந்தாள். வியாழக்கிழமை திண்டுக்கல்லில் எரியூட்டினோம். மருத்துவர்கள் மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

மேலே எழுதியவற்றில் பொய் ஏதும் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் நான் இவ்வளவைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். விடுபட்டதை இப்போது சொல்கிறேன்.

அன்று காலை நான் என் பேத்தியை ஏமாற்றினேன். பிறகு, அந்த ஏமாற்றின் பழியை அவள் மீதே சுமத்தினேன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. நீங்களும் என்றாவது பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, அது அந்தப் பக்கம் பார்க்கும்போது நழுவியவராக இருக்கலாம். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உங்களுக்கு அது தெரியாமல் நடந்திருக்கும். எனக்குத் தெரிந்தே நடந்தது.

ஆம், தெரிந்தே! ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். முனைவர் பட்டமும் அதிலேதான். பிரிவச்சம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டு, தாயைக் காணாத குழந்தையின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்று எத்தனை ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன்... என் மாணவிகள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டு தமிழ்நாடெங்கும் ஆசிரியைகளாகப் போனார்கள்.

கயல் குறிப்பெடுத்தவள் அல்லள். அவள் செய்து பார்த்தவள்.

எங்கள் வீட்டின் முன்பகுதியில் அவள் ஒரு சிறிய மழலையர் பள்ளி நடத்தி வந்தாள். சேர்க்கை தொடங்கும் நாள்களில் தெருவே அலறும். பூட்டுப் பட்டறைக்குப் போக வேண்டிய தாய், கடை திறக்க வேண்டிய தகப்பன், அவர்கள் காலைக் கட்டிக்கொண்டு விடாத பிள்ளைகள். அந்த அலறலை அடக்க அவள் கண்டுபிடித்தது ஒரு ரயில் விளையாட்டு.

கார் நிறுத்தும் முகப்பில், தரையில், வெள்ளைச் சாயத்தால் ஒரு கட்டம் வரைந்திருந்தாள். அதுதான் நிலையம். தாயோ தகப்பனோ அதற்குள் நிற்க வேண்டும். பிள்ளைதான் வண்டி. அதன் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, துண்டின் நுனியைச் செல்வி பிடித்துக்கொள்வாள். அவள்தான் கடைசியில் வரும் கார்டு பெட்டி. வண்டி கூவிக்கொண்டு கிளம்பி வீட்டைச் சுற்றும். தண்ணீர்த் தொட்டியருகே தவளைபோலக் குதிக்க வேண்டும். துணிக்கொடிக்கு அடியில் தவழ வேண்டும். துவைக்கும் கல்லில் ஏறித் தாண்ட வேண்டும். அந்தப் பக்கத்துச் சந்து வழியாக ஓடி வந்து, நிலையத்தின் மீது மோதி நிற்க வேண்டும். மோதலை வாங்கி அணைத்துக்கொள்வதற்குத் தாய் அங்கே இருந்தாக வேண்டும். விதி அது ஒன்றுதான். நிலையம் நகரக் கூடாது.

சில நாள்களில் சுற்றுகள் கூடும். பிறகு ஒருநாள் பிள்ளை தானே கட்டத்துக்குள் ஏறி நின்று, பச்சைத் துணியைக் காட்டும். அப்போது தாய் வண்டியாகிக் கூவிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போவாள். பிள்ளை விடைகொடுத்த பிறகுதான் போவாள். ஒருநாளும் அதற்கு முன்னால் போக மாட்டாள்.

பிரியாணிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனை நினைவிருக்கிறது. அவர் வாசலில் கிசுகிசுத்தார்.

"டீச்சர், அரிசிய ஊறப்போட்டுட்டு வந்திருக்கேன். பய அங்கிட்டுப் பாக்கையில நைசா நழுவிர்றேன்."

"ஏண்ணே, கடன் வாங்குனவன் மாதிரியா பெத்த பிள்ளைகிட்ட இருந்து ஓடுவீங்க? கட்டத்துல நில்லுங்க. ரெண்டே சுத்து."

"நானும் கூ...ன்னு கத்தணுமாக்கும்?"

"கத்தணும். மீசைய முறுக்கிக்கிட்டே கத்துங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் கத்தினார். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து சிரித்தார்கள். பிள்ளையும் சிரித்தான். ஒரு வாரத்துக்குள் அவனே தகப்பனைத் துணி காட்டித் துரத்த ஆரம்பித்தான்.

நான் உள்ளே அமர்ந்து செய்தித்தாளுக்குப் பின்னால் புன்னகைத்தேன். மாலையில் அவளிடம், இந்த முறைக்கு ஏதேனும் ஆய்வுச் சான்று உண்டா என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

"நீங்கதாம்ப்பா சான்று" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் காய்கறி நறுக்கிக்கொண்டே, எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள்.

"நீங்க எப்பவும் நான் பாக்காதப்பதான் கிளம்புவீங்க. அம்மா சோறு ஊட்டுவாங்க, திரும்பிப் பாத்தா உங்க செருப்பு இருக்காது. அப்பறம் நான் தூங்கவே பயப்பட்டேன். கண்ண மூடுனா யாராச்சும் போயிருவாங்கன்னு. உங்ககிட்ட சொன்னதில்ல."

அந்நாள்களில் நான் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னைக்கும் திண்டுக்கல்லுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். அழவைக்காமல் கிளம்புவதே அன்பு என்று நினைத்திருந்தேன். என் ஆய்வுத் தலைப்பு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை... நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

சிறு வயதில் வந்த காய்ச்சல் ஒன்று கயலின் இதயத்தில் தங்கிவிட்டிருந்தது. மகிழினி பிறந்தபின் அது தலைகாட்டியது. படியேறினால் மூச்சு வாங்கியது. ஆகவே தன் மகளோடு ஆடும்போது அவள் ஒருநாளும் வண்டியாக இருந்ததில்லை. எப்போதும் நிலையம்தான். மகி ஓடி வந்து மோதும்போது, அந்த மோதல் மார்பில் படாதவாறு சற்றுத் திரும்பி இடுப்பில் வாங்கிக்கொள்வாள்.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும், அவள் முதலில் செய்த ஏற்பாடு மகிக்கானது. தன் பழைய பச்சைப் புடவையிலிருந்து ஒரு துண்டு கிழித்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு நீ மூணு சுத்து சுத்திட்டு வா. அம்மா இங்கயே நிப்பேன். மூணாவது சுத்து வந்ததும் கட்டிப்புடிச்சுக்குவோம். அப்பறம் நீ கட்டத்துல ஏறி நின்னு துணி காட்டு. நீ காட்டுனாத்தான் அம்மா வண்டி கிளம்பும்."

"காட்டலைன்னா?"

"காட்டுற வரைக்கும் நிப்பேன்."

"ராத்திரி ஆயிருச்சுன்னா?"

"டார்ச் வாங்கிக்கலாம்."

தினமும் இதை ஒத்திகை பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் மகி, கொஞ்சம் பிகு செய்துவிட்டுத் துணியைக் காட்டுவாள். கயல் மெல்ல வாசல் கதவு வரை நடந்து, கூவி, திரும்பி வருவாள். அந்தக் குழந்தை பிரிவை ஒரு பாடம்போலக் கற்றுக்கொண்டிருந்தது. தாயைப் போகவிடும் உரிமை தன் கையில் இருக்கிறது என்று நம்பியது.

இனி அந்தத் திங்கட்கிழமை.

என்னைப் பற்றி நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாளும் கோளும் பார்க்காதவன் என்று நான் ஊரில் பெயரெடுத்தவன். என் மேற்பார்வையில் நடந்த திருமணங்களை வேண்டுமென்றே ராகுகாலத்தில் நடத்தியிருக்கிறேன். இந்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியதும் ராகுகாலத்தில்தான். உறவினர்கள் முகம் சுளிக்கச் சுளிக்க அதில் எனக்கு ஓர் இன்பம்.

அன்று விடியற்காலையில் எழுந்தேன். பல் துலக்குவதற்கு முன்பே கூடத்துக்குப் போய், மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுத்த தினசரி நாட்காட்டியின் தாளைப் பார்த்தேன். ராகுகாலம், ஏழரை முதல் ஒன்பது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

ஏன் பார்த்தேன்? இத்தனை நாள் கழித்தும் எனக்கு நேர்மையான விடை கிடைக்கவில்லை. நம்பிக்கை வந்துவிட்டதா? இல்லை. நம்பாமல் இருப்பதற்கான துணிவு போய்விட்டிருந்தது. மகளின் மார்பைத் திறக்கப்போகிறார்கள்... எதற்கும் இருக்கட்டும் என்று தோன்றியது. என் வாழ்நாள் முழுவதும் நான் ஏளனம் செய்த சொற்கள் அவை.

மகி எழுந்து, குளித்து, பச்சைத் துணியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்தாள். கயல் கட்டத்துக்குள் நின்றாள். செல்வி துண்டின் நுனியைப் பிடித்தாள். முதல் சுற்று போய் வந்தது. இரண்டாம் சுற்றில், துவைக்கும் கல்லருகே குழந்தை கால் இடறி விழுந்து எழுந்து வந்தாள். கயல் முழங்காலை ஊதிவிட்டாள். அதில் நேரம் போயிற்று. மூன்றாம் சுற்றுக்கு வண்டி கிளம்பியபோது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"கயல், வா. கார்ல ஏறு."

"ஒரு சுத்துதான்பா இருக்கு."

"வந்தா துணி காட்டுறேன்னு இழுத்துக்கிட்டே இருப்பா. நேரமாயிடும்."

"என்ன நேரம்? பத்து மணிக்குத்தானே வரச் சொல்லியிருக்காங்க?"

நான் கார்க் கதவைத் திறந்தேன். ஓட்டுநர்தான் உதவும் எண்ணத்தில் சொன்னார்.

"ஏழரை பொறக்கப் போகுதும்மா. அய்யா ஏழு மணிக்கே சொல்லிட்டாரு, அதுக்குள்ள வண்டிய எடுத்துரணும்னு."

கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு வரும்போல இருந்தது அவள் முகம்.

"அப்பா... நீங்களா?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன முகத்தைக் காட்டினேனோ அறியேன். அவள் சிரிக்கவில்லை. நான் அவள் முழங்கையைப் பிடித்துக் கட்டத்துக்கு வெளியே கொண்டுவந்தேன். அவள் வந்தாள். அவள் வலுவற்றவளாக இருந்ததால் வந்தாள் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. என் பயத்தைக் கண்டு இரங்கி வந்தாள்... தன் குழந்தைக்குக் கொடுத்த வாக்கை, தகப்பனின் பயத்துக்காக விட்டுக்கொடுத்தாள்.

கார்க் கதவை ஓசையில்லாமல் சாத்தினேன். வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடிப் பக்கமிருந்து குழந்தை கூவுவது கேட்டது. ஓசையில்லாமல் சாத்தினேன் என்பதைக் கவனியுங்கள். கை அதை மறக்கவில்லை. சோறு ஊட்டும் நேரத்தில் செருப்பை ஓசையில்லாமல் மாட்டிய அதே கை.

தெருமுனை திரும்பியதும் அவள் என் தோளைத் தொட்டாள்.

"அப்பா, திரும்பிப் போவோம். இறங்கக்கூட வேண்டாம். அவ துணிய மட்டும் காட்டிரட்டும். ஒரு நிமிஷம்."

"புறப்பட்டபின் திரும்பக் கூடாதும்மா."

நான் சொன்னேன்! ஓட்டுநரல்லர், உறவினரல்லர், நான். ஓட்டுநர் மட்டும் ஆமோதித்துத் தலையசைத்தார்.

நான்குவழிச் சாலையில் ஏறினோம். கொடை ரோடு சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது கைப்பேசியைக் கேட்டாள். அது என் பையில் இருந்தது. இப்போது பேசினால் குழந்தை அழும், உனக்கும் மூச்சு வாங்கும், போய்ச் சேர்ந்தபின் பேசலாம் என்றேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குச் செஞ்ச மாதிரியே."

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. அதற்குப் பின் மாத்திரைகளைப் பற்றியும், பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்த விடுமுறை பற்றியும் பேசினாள். மருத்துவமனையில் ஒரு சோதனை முடிந்தால் அடுத்தது என்று மாலைவரை இழுத்தது. ஒருவழியாக அவள் வீட்டுக்குப் பேசியபோது செல்விதான் எடுத்தாள். அறை அமைதியாக இருந்ததால் அவள் குரல் எனக்கும் கேட்டது.

"பகலெல்லாம் கட்டத்துலயே நின்னுச்சு டீச்சர். அழல. சோத்தக்கூட அங்கிட்டுக் கொண்டுபோய்த்தான் குடுத்தேன். இப்பத்தான் அசந்து தூங்குது. எழுப்பவா?"

"வேண்டாம் செல்வி. எழுப்பாதீங்க. நாளைக்கழிச்சு கண்ணு முழிச்சதும் நானே பேசுறேன்."

தூங்கும் குழந்தையை எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. இனி அந்தப் பேச்சு நடக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

இதுவரை சொன்னது என் முதல் குற்றம். இதை நீங்கள் மன்னித்துவிடக்கூடும். பயந்த தகப்பன், அவசரம், விதி என்று ஏதாவது சொல்லலாம். அடுத்ததைக் கேட்டபின் சொல்லுங்கள்.

காரியம் முடிந்த மறுநாள். உறவினர்கள் போய்விட்டார்கள். செந்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். கேரளத்துக்கு லாரிகள் ஏற்றி அனுப்பும் பரபரப்பிலேயே வாழ்பவர். அந்த மனிதர் அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மகி என் மடியருகே வந்து நின்றாள்.

"தாத்தா, நான் லேட்டா வந்துட்டேனா?"

"எங்கேம்மா?"

"மூணாவது சுத்துல. தொட்டிகிட்ட தவளை ரெண்டு தடவ ஜாஸ்தி குதிச்சிட்டேன். அதான் அம்மா போயிட்டாங்களா?"

செந்தில் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் கண்களில் சந்தேகம் ஏதுமில்லை; வெறும் கேள்விதான் இருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டியது மிகச் சிறிய வாக்கியம். நீ தாமதமாக வரவில்லை, தாத்தாதான் அம்மாவை இழுத்துப் போனேன். அவ்வளவே. சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஏன்? அதற்கு விடை நாட்காட்டித் தாள்.

நான் குழந்தையின் தலையைத் தடவினேன். மிக மென்மையாகத்தான் தடவினேன்.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சும்மா. ஆஸ்பத்திரியில சீக்கிரம் வரச் சொல்லிட்டாங்க."

அவள் தலையை ஆட்டினாள், கணக்கு விடை சரியாக வந்தவள்போல. செந்தில்தான் பெருமூச்சு விட்டார்.

"விடுங்க மாமா. சின்னப் புள்ளைங்க, அதுக்கென்ன தெரியும்ங்க."

ஒரு படித்தவன் ராகுகாலத்துக்கு அஞ்சினான் என்பது வெளியே தெரிந்தால் என்ன ஆகிவிடும்? நாலு பேர் சிரிப்பார்கள். செந்தில் சிரிக்கக்கூட மாட்டார். அவர் லாரிகளே நேரம் பார்த்துத்தான் புறப்படுகின்றன. ஆனால் எதற்கெடுத்தாலும் "நீங்க படிச்சவருங்க மாமா" என்று என்னிடம் வந்து கேட்பவர் அவர். அந்த ஒரு வரியின் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள நான் கொடுத்தது, ஒரு நான்கு வயதுக் குழந்தையின் மனச்சாட்சியை.

அதன் பின் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மகி இப்போது ஒன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கயலின் மழலையர் பள்ளி மூடப்பட்டது. பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளை என்ன செய்வது என்று செல்வி கேட்டாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் சந்தில் அடுக்கச் சொன்னேன். வேறு இடம் இருந்தது. ஆனாலும் அங்கேதான் அடுக்கச் சொன்னேன். இப்போது வீட்டை யாரும் சுற்றிவர முடியாது.

கட்டம் மட்டும் இருக்கிறது. வீட்டிலிருந்து யார் வெளியே போனாலும் மகி அதற்குள் போய் நிற்பாள். நான் மருந்துக் கடைக்குப் போனால், திரும்பி வரும்வரை நிற்பாள். செந்தில் இப்போது ஒட்டன்சத்திரத்திலேயே தங்கி, ஞாயிறுகளில் மட்டும் வந்து போகிறார்; அவர் திரும்பும்போது, வெயில் தாழும்வரை நிற்பாள். வெயில் சுடுமே, உள்ளே வா என்றால், "நிலையம் நகரக் கூடாது தாத்தா" என்பாள். தாயின் குரலிலேயே சொல்வாள்.

அவள் ஓடுவதில்லை. பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் சிதறி ஓடும்போது இவள் தூணருகே நிற்கிறாள். தவளை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கோட்டருகே குந்தி உட்கார்ந்து, மற்றவர்கள் குதித்துப் போவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாள்.

"ரொம்ப அடக்கமான பிள்ளை சார். வளர்த்த விதம் அப்படி" என்று அவள் ஆசிரியை என்னிடம் சொன்னார். அவர் என் மாணவி.

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வேன்?

இன்னும் ஒன்று உண்டு. இதைச் சொல்லாவிட்டால் நான் இங்கே எழுதியது எதுவும் ஒப்புதல் ஆகாது. அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். நான் நகர்ந்தால் விழித்துக்கொள்கிறாள். இது நோய் என்று எனக்குத் தெரியும். பெயரும் தெரியும், அது தீரும் வழியும் தெரியும். அந்த வழியைக் கண்டுபிடித்தவளையே நான் மகளாகப் பெற்றிருந்தேன். ஆனாலும்... அந்தச் சிறு கை என் சட்டையைப் பிடித்திருக்கும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. மனைவிக்குப் பின் மகளும் போன வீட்டில், என்னைப் போகவிடாத ஓர் உயிர். அவள் குணமாக வேண்டும் என்று நான் முழுமனத்தோடு விரும்பினேனா? விரும்பினேன் என்று எழுதத்தான் ஆசை.

சென்ற ஞாயிறு செந்தில் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்தபின், தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஏனுங்க மாமா, தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. ஜூன்ல பாப்பாவ ஒட்டன்சத்திரத்துலயே சேத்திரலாம்னு இருக்கேனுங்க. அக்கா வீடு பக்கத்துலதானுங்க, அவிக பசங்களும் இருக்காங்க. நானும் எத்தன நாளைக்குங்க ஞாயித்துக்கிழமை அப்பனாவே இருக்கறது?"

"நியாயம்தான்" என்றேன்.

"வாரா வாரம் கூட்டிட்டு வந்துருவேனுங்க. ஆனா பாப்பா உங்கள உட்டுட்டு வருமாங்கறதுதான் ரோசனையா இருக்குதுங்க. நீங்க படிச்சவருங்க. அதுக்கு எப்படிச் சொல்றதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

அவர் போனபின் மகி கட்டத்தில் நின்றாள். நான் முகப்புப் படியில் உட்கார்ந்தேன். மலைக்கோட்டைப் பாறைமேல் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. தொலைவில் ரயில் ஒன்று திண்டுக்கல் நிலையத்துக்குள் நுழையும் ஓசை கேட்டது. அவள் அதைக் கேட்டுவிட்டுத்தான் பேசினாள் என்று நினைக்கிறேன்.

"தாத்தா, நான் ஒட்டன்சத்திரம் போயிட்டு வர்றப்ப நீங்க இங்க இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"லேட்டா வந்தா?"

"லேட்டா வந்தாலும் இருப்பேன்."

"அம்மாவும் இருப்பேன்னுதான் சொன்னாங்க." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துபவள்போலச் சொன்னாள்: "நான் லேட்டா வர மாட்டேன் தாத்தா. தொட்டிகிட்ட ஒரு தடவதான் குதிப்பேன்."

வாயைத் திறந்தேன். சொல் நாக்கு நுனியில் இருந்தது, சத்தியமாக இருந்தது. அந்த நேரம் செல்வி உள்ளிருந்து எட்டிப்பார்த்து, "ஏலே மகி, உங்க தாத்தாவ ஒருத்தரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாக. பால் ஆறுது, வா" என்று அழைத்தாள். மகி சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு அந்தச் சொல்லையும் விழுங்கிவிட்டேன்.

செல்வி அழைத்திராவிட்டால் சொல்லியிருப்பேனா? அறியேன். அவளையும் இதில் பங்காளியாக்கிக்கொள்ள நான் விரும்பவில்லை.

பச்சைத் துணி மகியின் பென்சில் டப்பாவில் இருக்கிறது. சாயம் வெளுத்துவிட்டது. அவள் இன்னும் அதை யாருக்கும் காட்டவில்லை. அவள் வரையில், அவள் தாய்க்கு இன்னும் விடை கொடுக்கப்படவில்லை.

பள்ளி திறக்கச் சில நாள்களே இருக்கின்றன. உங்களிடம் சொல்லிவிட்டதால் பாரம் குறையும் என்று எண்ணியிருந்தேன். குறையவில்லை. குறையக் கூடாது என்பதும் தெரிகிறது. இதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள் அல்லவே.

செய்யாமல் நிற்பவை:

மகிழினியிடம், நீ தாமதமாக வரவில்லை என்று சொல்வது. அம்மா காத்திருக்கத்தான் விரும்பினாள் என்று சொல்வது.

செந்திலிடம், நாட்காட்டித் தாளைப் பற்றிச் சொல்வது.

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் சந்திலிருந்து குட்டி நாற்காலிகளை அகற்றுவது.

மகி கட்டத்தில் நிற்க, என் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடுவது. தொட்டியருகே அவள் குதித்த அளவுக்குக் குதிப்பது. அவளிடம் திரும்பி வருவது.